டிராக்டரும் தோள் துண்டும்

புல் வெட்டுற மெஷினுக்கும் அருப்புக்கோட்டைக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எங்க திருச்சுழி, நரிக்குடி பக்கமெல்லாம் புல்லு முளைச்சா அதை ஆடு பாத்துக்கும். மெஷின் வெச்சு வெட்டுற அளவுக்குப் பச்சையை நாங்க ஐப்பசி, கார்த்திகையில மட்டும்தான் பாக்குறது. ஆனா சம்பந்தம் இருக்கு மக்களே. அதுவும் நெசவு வழியா இருக்கு.

இங்கிலாந்துல ஸ்ட்ரவுட்னு ஒரு ஊர். நம்ம அருப்புக்கோட்டை மாதிரியே துணிக்குப் பேர் போன ஊர், அங்க கம்பளித் துணி. நெய்து முடிச்ச துணியில பிசிறு பிசிறா நீட்டிக்கிட்டு இருக்கிறதை ஒரே மட்டமா வெட்டுறதுக்கு மில்லுல ஒரு மெஷின் வெச்சிருந்தாங்க. உருளையில பிளேடு சுத்தும், பிசிறு மட்டும் வெட்டுப்படும், துணிக்கு ஒண்ணும் ஆகாது. எட்வின் பட்டிங்கிறவர் இதையே கீழே சாய்ச்சுத் தரையில ஓட்டினா புல்லு வெட்டலாமேன்னு யோசிச்சார். 1830-ல காப்புரிமையும் வாங்கிட்டார். உலகத்தோட முதல் புல்வெட்டும் இயந்திரம் தறிக்காரங்க ஊர்ல பிறந்த கதை இதுதான். :-)

அப்புறம் 1902-ல ரான்சம்ஸ் கம்பெனி அதுல பெட்ரோல் எஞ்சினை மாட்டி, ஓட்டுறவர் உட்காரவும் ஒரு இடம் குடுத்துச்சு. நான் இந்தப் பதிவுல பேசப்போறது இந்த "உட்கார்ற இடம்" பத்தித்தான்.

நடக்கிறவனும் உட்கார்றவனும்

ஏர் ஓட்டுறவங்களைப் பாத்திருக்கீங்கதானே? மேழியைப் பிடிச்சுக்கிட்டு மாட்டுக்குப் பின்னாடி நடப்பாங்க. கொழு ஒரு வேர்ல மாட்டிக்கிட்டா முதல்ல தெரியிறது கைக்குத்தான். அடுத்த நொடி மாடு தானா நின்னுடும். அதுக்கு மேல இழுக்க அதுக்கும் இஷ்டமில்லை, உடம்பும் இல்லை. அதாவது ஏர்ல ஒரு பாதுகாப்பு ஏற்பாடு யாரும் வடிவமைக்காமலே இருந்துச்சு. சிக்கல் வந்தா நின்னுடுறது.

உட்கார்ந்து ஓட்டுற இயந்திரத்துல அது போயிடுச்சு. முன்னாடி பாத்து ஓட்டுறோம், வேலை பின்னாடி நடக்குது. வேர்ல மாட்டினா கைக்குத் தெரியாது. இயந்திரமும் நிக்காது, இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால மாடு சும்மா செஞ்ச வேலையை யாராவது உட்கார்ந்து யோசிச்சு இயந்திரத்துக்குள்ள வைக்க வேண்டியதாப் போச்சு. கடந்த நூறு வருஷ வரலாறு முழுக்க இதுதான்னு சொல்வேன்.

ஒரு உதாரணம். அமெரிக்காவுல வீட்டுப் புல்வெளியை வெட்டும்போது கை விரல், கால் விரல் போறது சர்வசாதாரணமா இருந்துச்சு. "கவனமா இருங்க"ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, 1982-ல ஒரு விதி கொண்டுவந்தாங்க. நடந்துபோய்த் தள்ளுற புல்வெட்டியில கைப்பிடியை விட்டா மூணு விநாடிக்குள்ள பிளேடு நின்னாகணும். உட்கார்ந்து ஓட்டுற வகைக்கு இதே வேலையை சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் செய்யுது. ஆள் எந்திரிச்சா பிளேடு நின்னுடும். நான் பொட்டி தட்டுற சென்னை ஆபீஸ் வளாகத்துல ஒரு மெஷின் இருக்கு, அதுலயும் இப்படித்தான். நம்ம தொழில்ல சர்வர்கிட்ட இருந்து "உயிரோட இருக்கேன்"னு சத்தம் வரலேன்னா ஆளே இல்லைன்னு எடுத்துக்குறோம் பாருங்க, அதே தத்துவம்.

எங்க ஊர்ல இதுக்குப் பக்கத்துச் சொந்தம்னா டிராக்டர்தான். அதுலயும் உட்கார்ந்து ஓட்டுறோம், பின்னாடி ஹைட்ராலிக்கில தூக்குற கருவி, எஞ்சினோட சேர்ந்து சுத்துற பிளேடு எல்லாம் உண்டு. ரொட்டவேட்டர் அப்படித்தான், பருத்தி மார், மக்காச்சோளத் தட்டையைத் தூளாக்குற கருவியும் அப்படித்தான். இப்போ அந்த டிராக்டருக்கு வருவோம்.

பெல்ஃபாஸ்ட் மெக்கானிக்

ஹாரி ஃபெர்குசன். 1884-ல வட அயர்லாந்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்னிக்குத் தானே கட்டின விமானத்துல அயர்லாந்தோட முதல் பறத்தலைச் செஞ்சவர். முதல் உலகப்போர் சமயத்துல, 1917-ல, அரசாங்கம் இவரை அயர்லாந்துல இருக்கிற டிராக்டர்களையெல்லாம் பாத்து ஒழுங்கா வேலை வாங்க முடியுதான்னு சொல்லச் சொல்லுச்சு. சுத்திப் பாத்தவருக்கு ஒண்ணு புரிஞ்சுது. டிராக்டரும் கலப்பையும் தனித்தனியா இருக்கு, மாட்டுக்குப் பதிலா இரும்பைக் கட்டியிருக்காங்க, அவ்வளவுதான்.

இதுல ஒரு பெரிய ஆபத்து இருந்துச்சு. கலப்பை பாறையில மாட்டினா பின் சக்கரம் சுத்த முடியாது. எஞ்சினோட சக்தி எங்கயாவது போயாகணுமே? சக்கரம் சுத்தாட்டி, சக்கரத்தைச் சுத்தி டிராக்டரே சுத்தும். மூக்கு மேல எழும்பி, அப்படியே ஓட்டுறவர் மேல கவிழும். ஃபோர்டோட பழைய ஃபோர்ட்சன் டிராக்டர் இதுக்கு ரொம்பவே கெட்ட பேர் வாங்கியிருந்துச்சு.

ஃபெர்குசன் கலப்பையை டிராக்டரோட மூணு இடத்துல இணைச்சார். கீழ ரெண்டு கை, மேல நடுவுல ஒரு கம்பி. நம்ம ஆளுங்க "டாப் லிங்க்"னு சொல்றது அந்த மேல்கம்பியைத்தான். கலப்பை எதுலயாவது மோதினா அது முன்பக்கமா சாயப் பார்க்கும், அப்போ மேல்கம்பி டிராக்டரை முன்னாடி தள்ளும். விளைவு, மூக்கு எழும்புறதுக்குப் பதிலா தரையில அழுந்தும். அதோட அந்த மேல்கம்பியில வர்ற அழுத்தத்தையே ஒரு சேதியா எடுத்துக்கிட்டு, மண் இறுக்கமா இருந்தா கலப்பையை ஹைட்ராலிக் கொஞ்சம் தூக்கும், இளகினா இறக்கும். மேழி பிடிச்ச கை செஞ்ச வேலையேதான் இது. 1926-ல காப்புரிமை. 1936-ல முதல் டிராக்டர் விற்பனைக்கு வந்துச்சு. 1938-ல ஹென்றி ஃபோர்டோட வெறும் கைகுலுக்கல்ல ஒரு ஒப்பந்தம், 1939-ல ரெண்டு பேர் பேரையும் தாங்கின வண்டி. போருக்கப்புறம் ஃபோர்டு குடும்பத்தோட சண்டை, கோர்ட், 1952-ல சமரசம். 1953-ல மாஸி ஹாரிஸோட இணைப்பு. அந்தக் கதைக்குத் தனிப் பதிவே போடலாம்.

நமக்கு வேண்டியது இதுக்கு அடுத்த கட்டம். 1960-ல சென்னையில டாஃபே ஆரம்பிச்சு, மாஸி ஃபெர்குசன் தொழில்நுட்பத்துல டிராக்டர் செய்ய ஆரம்பிச்சாங்க. அவங்க தொழிற்சாலைகள்ல ஒண்ணு நம்ம மதுரைப் பக்கம் இருக்கு. பெல்ஃபாஸ்ட் மெக்கானிக்கோட மூணு கண்ணி இணைப்பு கரிசக்காட்டுக்கு வாசல்லயே வந்து நின்னுச்சு.

ஈரம் போறதுக்குள்ள

கரிசல் மண்ணைப் பத்தித் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம். காஞ்சா கால் போற அளவுக்கு வெடிக்கும். நனைஞ்சா பசை மாதிரி ஒட்டும், காட்டுக்குள்ள ஒரு வண்டி இறங்க முடியாது. உழவுக்கு ஏத்த பதம் இந்த ரெண்டுக்கும் நடுவுல சில நாள்தான். மானாவாரி ஊருக்குக் கிணறு, வாய்க்கால் கிடையாது, வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். அதனால ஒரு மழை பெஞ்சா ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல டிராக்டர் வேணும். இருக்கிறது நாலோ அஞ்சோ. மணிக்கணக்கு வாடகை. ராத்திரி ரெண்டு மணிக்கும் காட்டுல ஹெட்லைட் தெரியும்.

ஓட்டுறவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஓட்டுற இளவட்டம். தூக்கம் கிடையாது. காட்டுக்காரர் வரப்புல நின்னு "தம்பி, இன்னும் ஒரு சால், இன்னும் ஒரு சால்"னு சொல்லிக்கிட்டு இருப்பார். அவரும் பாவம், ஈரம் போயிட்டா அந்த வருஷமே போச்சு. இந்த நேரத்துல "கவனமா ஓட்டுப்பா"ங்கிற அறிவுரைக்கு என்ன மதிப்பு சொல்லுங்க? அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு அவரைக் காப்பாத்தினா இயந்திரத்தோட அமைப்புதான் காப்பாத்தணும்.

அந்த அமைப்பை நம்ம ஊர்ல என்ன பண்ணினோம்னு பாப்போம்.

சீமைக்கருவேலமும் சங்கிலியும்

2017 ஆரம்பத்துல மதுரை உயர்நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றணும்னு உத்தரவு போட்டதும், அதே வருஷம் அதுக்குத் தடை வந்ததும் ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்துல எங்க பக்கம் கம்மாயிலயும் காட்டுலயும் ஒரே மரம் பிடுங்குற வேலைதான். ஜேசிபி வாடகை கட்டுப்படியாகாதவங்க டிராக்டர்ல சங்கிலி போட்டு இழுத்தாங்க. இப்பவும் இழுக்குறாங்க.

சங்கிலியை எங்க கட்டுறோம்ங்கிறதுலதான் உயிர் இருக்கு. தூரைக் கொஞ்சம் தூக்கினாப்புல இழுக்க வசதியா இருக்கும்னு டாப் லிங்க் மாட்டுற மேல் கொக்கியிலயோ, பின் அச்சைச் சுத்தியோ கட்டுவாங்க. அப்படிக் கட்டின நிமிஷமே ஃபெர்குசன் செஞ்சதெல்லாம் வீண். நூறு வருஷத்துக்கு முந்தின ஃபோர்ட்சன் மாதிரி ஆயிடுது வண்டி. கருவேல வேர் சும்மா விடாது, சக்கரம் மண்ணைக் கவ்வும், மூக்கு எழும்பும். எழும்ப ஆரம்பிச்சதுலேர்ந்து திருப்ப முடியாத நிலைக்குப் போக முக்கால் விநாடி போதும்னு சொல்றாங்க. கிளட்சை மிதிக்கணும்னு மூளைக்குத் தோணி கால் நகர்றதுக்கே அவ்வளவு நேரம் ஆகும். அச்சுக்குக் கீழ இருக்கிற டிராபார்ல கட்டினா இந்த ஆபத்து பெருமளவு குறையும். ரெண்டு கட்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒன்றரை அடி உயர வித்தியாசம்தான்.

ஒன்பது சுத்து

எஞ்சின் சக்தியைப் பின்னாடி இருக்கிற கருவிக்குக் கொண்டுபோற தண்டுதான் பி.டி.ஓ. ஷாப்ட். 1918-ல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி டிராக்டர்ல வந்துச்சு, 1927-ல அமெரிக்க வேளாண் பொறியாளர்கள் அதுக்கு ஒரு தரம் நிர்ணயிச்சாங்க. இன்னிக்கும் பெரும்பாலான கருவிக்கு நிமிஷத்துக்கு 540 சுத்து. விநாடிக்கு 9.

ஒரு சின்னக் கணக்கு. ஷாப்ட்டோட மூட்டு எட்டு சென்டிமீட்டர் தடிமன்னு வெச்சுக்கோங்க. சுத்தளவு 25 சென்டிமீட்டர். ஒன்பதால பெருக்கினா விநாடிக்கு ரெண்டேகால் மீட்டர். தோள்ல கிடக்கிற நாலு முழத் துண்டு ஒரு விநாடிக்குள்ள முழுசாச் சுத்திக்கும். வேட்டி, சேலை முந்தானை, பின்னல், எல்லாத்துக்கும் இதே கணக்கு. "ஐயோ"ன்னு சொல்லக்கூட நேரமில்லை. அதனாலதான் அந்த ஷாப்ட்டுக்கு மேல சுத்தாத ஒரு உறை போட்டுக் குடுக்குறாங்க.

எங்க ஊர்ல ஒரு டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"அண்ணே, இதுக்கு மேல பிளாஸ்டிக் மூடி ஒண்ணு இருக்குமே, எங்கண்ணே?"

"அதை வாங்குன வருசமே கழட்டிப் போட்டாச்சு தம்பி. தினம் கிரீஸ் அடிக்கணும்ல, கை போக மாட்டேங்குது. கழட்டி மாட்ட யாருக்கு நேரம் இருக்கு?"

அவர் சோம்பேறி இல்லைங்க, கிரீஸ் அடிக்காம விட்டா ஷாப்ட் போயிடும், அவரை ஏசுவாங்க. உறையைக் கழட்டினா ஒருத்தரும் ஏச மாட்டாங்க. கிரீஸ் அடிக்கக் கை நுழையுற வழி வெச்சே உறை செய்ய முடியும், செய்றாங்களும். விலை கொஞ்சம் கூட. பயன்படுத்துறவருக்கு இடைஞ்சலா இருக்கிற பாதுகாப்பு நிலைக்காதுன்னு பாஸ்வேர்டு ஒட்டின மானிட்டரைப் பாத்த நமக்குத் தெரியாதா என்ன?

முள்ளு குத்தின மாதிரி

ஹைட்ராலிக்ல ரெண்டு விஷயம். ஒண்ணு, தூக்கின கருவியை எண்ணெய் அழுத்தம் மட்டும்தான் பிடிச்சிருக்கு. யாராவது லிவரைத் தட்டினாலோ, ஒரு குழாய் வெடிச்சாலோ, சீல் போனாலோ அது கீழ வரும். தூக்கி நிறுத்தின ரொட்டவேட்டருக்கு அடியில படுத்து பிளேடுல சுத்தின கொடியை எடுக்கிறதையும், தூக்கின டிப்பர் டிரெய்லருக்கு அடியில தலையை நீட்டுறதையும் நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். முட்டுக் குடுக்காம அடியில போகவே கூடாது. வேலை முடிஞ்சா கருவியைத் தரையில இறக்கி, எஞ்சினை அணைச்சு, சாவியை எடுத்துட்டுத்தான் எந்திரிக்கணும்.

ரெண்டாவது, பலருக்குத் தெரியாதது. ஹைட்ராலிக் குழாய்க்குள்ள இருக்கிற அழுத்தம் 150 பாருக்கு மேல போகும். கார் டயர்ல ரெண்டு பார்தான். குழாய்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா வர்ற எண்ணெய் கண்ணுக்கே தெரியாது, ஆனா தோலைத் துளைச்சு உள்ள போயிடும். எங்க கசியுதுன்னு விரலால தடவிப் பாத்தா அவ்வளவுதான். அந்த நேரத்துல முள்ளு குத்தின மாதிரித்தான் இருக்கும். எங்க ஊரோ முள்ளு ஊர். ஒரு நாளைக்குப் பத்து தடவை குத்துது, யார் சட்டை பண்றா? உள்ள போன எண்ணெய் சதையை அழுக வைக்கும். சில மணி நேரத்துக்குள்ள அறுவை சிகிச்சை செய்யலேன்னா விரலோ கையோ போகும். கசிவைத் தேட ஒரு அட்டையைப் பிடிச்சுப் பாருங்க. குத்திட்டா பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க, "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ள போயிருக்கு"ன்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க.

சுவீடன் செஞ்சது

பின்னாடி கவிழ்றதைவிட அதிகம் நடக்கிறது பக்கவாட்டுல கவிழ்றது. கம்மாக்கரை ஏறும்போது, ஓடையில இறங்கும்போது, வரப்பு ஓரமாத் திருப்பும்போது. இதுக்கு உலகம் கண்டுபிடிச்ச மருந்து ரொம்பச் சாதாரணம். ஓட்டுறவர் தலைக்கு மேல வர்ற மாதிரி ஒரு வலுவான இரும்பு வளைவு, கூடவே சீட் பெல்ட். வண்டி கவிழ்ந்தாலும் ஆளுக்கு இடம் மிச்சமிருக்கும்.

சுவீடன் 1959-ல புது டிராக்டர் எல்லாத்துக்கும் இதைக் கட்டாயமாக்குச்சு. ஐம்பதுகளோட கடைசியில ஒரு லட்சம் டிராக்டருக்கு வருஷம் 17 பேர் கவிழ்ந்து செத்துக்கிட்டு இருந்தது, தொண்ணூறு வாக்குல 0.3-ஆ குறைஞ்சுது. சுவீடன்காரங்க திடீர்னு நல்ல டிரைவர் ஆகல. வண்டி மாறுச்சு. அமெரிக்கா 1976-ல வேலைக்கு ஆள் வெச்சு ஓட்டுற இடங்களுக்குக் கட்டாயமாக்குச்சு. நம்ம நாட்டுல வித்த டிராக்டர்கள்ல பெரும்பாலானதுல அந்த வளைவு கிடையாது. நிழலுக்கு நாமளே பட்டறையில குடுத்து ஒரு தகரக் கூரை போட்டுக்கிறோம். அது வெயிலைத் தாங்கும், ரெண்டு டன் டிராக்டரைத் தாங்காது.

சட்டமே இல்லையான்னு கேட்டா, 1983-ல நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்துச்சு. பசுமைப் புரட்சி சமயத்துல பஞ்சாப், ஹரியானாவுல கதிரடிக்கிற இயந்திரத்துல கை போனவங்க எண்ணிக்கை தாங்க முடியாமப் போனதால வந்த சட்டம் அது. அதோட பார்வை முக்கியமா திரெஷர் மேலதான் இருந்துச்சு. கோதுமைக்காரங்க கைக்கு வந்த சட்டம், கரிசக்காட்டு டிரைவர் தலைக்கு வரல.

கடைசியா மட்கார்டு. டிராக்டர்ல ஒரே ஒரு சீட்டுதான். ஆனா மட்கார்டு மேல ரெண்டு பேர், டிரெய்லர்ல இருபது பேர் இல்லாம எங்க ஊர் டிராக்டரை நான் பாத்ததில்லை. களையெடுக்கப் போறவங்க, மிளகாய் பறிக்கப் போறவங்க, சாமி கும்பிடப் போறவங்க. விழுந்தா பின் சக்கரத்துக்கு முன்னாடிதான் விழணும். காசு விஷயத்துலயும் நிலைமை மோசம். செங்கல் சூளைக்கு மண் ஏத்திப் போன டிரெய்லர்லேர்ந்து விழுந்த ஒரு கூலித் தொழிலாளியோட வழக்குல 2007-ல உச்சநீதிமன்றம், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பில்லைன்னு சொல்லுச்சு. அவரோட ஏழ்மையைப் பாத்து, தன்னோட சிறப்பு அதிகாரத்தை வெச்சு, கம்பெனி முதல்ல பணத்தைக் குடுத்துட்டு வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லுச்சு. எல்லாருக்கும் டெல்லி வரைக்கும் போக முடியுமா?

மொத்தத்துல எனக்குத் தோணுறது இதுதான். இந்த இயந்திரங்களோட வரலாறு ரெண்டு பாதி. ஒரு பாதி சக்தி: எஞ்சின், ஹைட்ராலிக், பி.டி.ஓ. இன்னொரு பாதி அந்த சக்தி ஆளைக் கொல்லாம இருக்கச் செஞ்சது: மூணு கண்ணி இணைப்பு, உறை, சீட் சுவிட்ச், கவிழ்ந்தா காக்குற வளைவு. நமக்கு முதல் பாதி முழுசா வந்துச்சு. ரெண்டாவது பாதியில கொஞ்சம் வரவே இல்லை, கொஞ்சம் வந்து கழட்டிப் போட்டாச்சு. அப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் "டிரைவர் தூங்கிட்டான்"னு முடிச்சிடுறோம்.

ஊருக்குப் போகும்போது சொல்லிட்டு வர்ற அளவுக்கு மூணு விஷயம். சங்கிலியை அச்சுக்குக் கீழதான் கட்டணும். ஷாப்ட் உறையைத் திரும்ப மாட்டணும், கிரீஸ் அடிக்க வழி வெச்ச உறை கேட்டு வாங்கணும். புது வண்டி எடுக்கிறவங்க மியூசிக் சிஸ்டம் கேக்குறதுக்கு முன்னாடி கவிழ்ந்தா காக்குற வளைவு கிடைக்குமான்னு டீலர்கிட்ட கேக்கணும். நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு அவங்களே காட்டுவாங்க.

உங்க ஊர்ல எப்படி? தஞ்சாவூர்ப் பக்கம் சேத்துல ஓட்டுறவங்க, கொங்குப் பக்கம் தென்னந்தோப்புல ஓட்டுறவங்க, வெளிநாட்டுல பண்ணை பாக்குற நம்மாளுங்க, பின்னூட்டத்துல சொல்லுங்க. உறையோட இருக்கிற ஒரு பழைய டிராக்டர் ஷாப்ட்டைப் பாத்தா ஒரு போட்டோவும் எடுத்துப் போடுங்க, பாக்கணும்போல இருக்கு.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டிராக்டர் வல்லுநர் இல்லை. உங்க வண்டியோட கையேட்டுல இருக்கிறதுதான் வேதம். அந்தக் கையேடு பெரும்பாலும் சீட்டுக்கு அடியில எலி கடிச்சுக்கிட்டு இருக்கும், தேடிப் பாருங்க. :-)